பற்றுப் புத்தகத்தின் விலை

எல்லையோரக் காகிதக் கடையை விற்க நினைப்பவருக்குச் சரக்கை எண்ணுவது சுலபம். தலைக்குள் இருப்பதை எண்ணுவதுதான் கஷ்டம்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிப் போகும் நெடுஞ்சாலை, பாலராமபுரத்தின் நெசவாளர் தெருக்களை ஒட்டிச் சென்று, நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளையில் நெய்யாற்றைத் தாண்டுகிறது. பிறகு உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை. அடுத்தது களியக்காவிளை. இஞ்சிவிளை கேரளம்; களியக்காவிளை தமிழ்நாடு. இரண்டுக்கும் நடுவே ஆறோ மலையோ கிடையாது. சாலையின் இரு பக்கமும் அதே தென்னை, அதே மரச்சீனி, அதே ரப்பர். கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. வண்டிகளின் எண் பலகையில் கேஎல் 19 குறைந்து டிஎன் 75 கூடுகிறது. பேச்சு மட்டும் அவ்வளவு சட்டென்று மாறுவதில்லை. மலையாளத்தில் தொடங்கிய பேரம் தமிழில் முடிவது இங்கே யாருக்கும் வியப்பளிக்காத விஷயம்.

இந்தச் சாலையோரத்தில் காகிதக் கடை வைத்திருப்பவரைத் தமிழ் வாடிக்கையாளர் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார். மலையாளி ‘சேட்டா’ என்பார். கடைக்காரர் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். கடை அகலத்தில் குறுகியது, உள்ளே நீளமானது. ஏ4 ரீம்கள், நீள நோட்டுகள், கட்டுரை நோட்டுகள், பிரவுன் தாள், சார்ட் அட்டை, பில் புத்தகம், ஃபைல், பில் மெஷினுக்கான ரோல், பேக்கரிக்கான பேப்பர் கவர் எல்லாம் உத்தரம்வரை அடுக்கப்பட்டிருக்கும். மேஜைமேல் கல்குலேட்டர். அதன் பக்கத்தில், அட்டை பிய்ந்த ஒரு நோட்டு. தமிழில் அது பற்று வரவு நோட்டு, மலையாளத்தில் பற்றுப் புஸ்தகம். எந்தப் பெயர் சொன்னாலும் கடனுக்கு வாங்கிப் போனவர்களின் கணக்கு.

இப்படி ஒரு கடையை நடத்தி அறுபதைத் தாண்டியவர் முன்னால் இன்று நிற்கும் கேள்வி எளிமையானது. பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய்விட்டார்கள். ரீம் தூக்க முதுகு சம்மதிப்பதில்லை. கடையை என்ன செய்வது? சரக்கு தீரும்வரை விற்றுவிட்டு ஷட்டரை இழுத்து மூடுவது ஒரு வழி. நடக்கிற கடையாகவே இன்னொருவரிடம் விற்பது மற்றொரு வழி. முதலாவதில் சரக்கின் விலை மட்டும்தான் கிடைக்கும். தங்கிப்போனது பழைய பேப்பர் விலைக்குப் போகும். இரண்டாவதில் முப்பது வருட உழைப்புக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அந்த விலையைக் கேட்க, கடையை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். எல்லையில் இருக்கும் கடைக்கு அந்தத் தயாரிப்பு இரட்டை வேலை.

எல்லை வந்த கதை பழையது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் கேட்டிருந்தது. அது கிடைக்கவில்லை. விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றது. கோடு தாலுகா எல்லையில் விழுந்தது. குடும்பங்களும் சந்தைகளும் கோட்டுக்கு இரு புறமும் இருந்தன. வெள்ளறடையை ஒட்டிய பனச்சமூட்டில் இன்றும் ஒரு மாநிலத்தில் வாங்கிய காய்கறியை மறு மாநிலத்தில் சமைக்கிறார்கள்.

காகிதத்துக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1820களின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் அச்சகம் நிறுவிவிட்டார். நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, ‘சுதேசாபிமானி’ பத்திரிகையில் திவானைத் தொடர்ந்து விமர்சித்ததற்காக 1910 செப்டம்பர் 26ஆம் தேதி திருவிதாங்கூரிலிருந்து வெளியேற்றப்பட்டார். அச்சகம் பறிமுதலானது. ஒரு தாளில் அச்சானதற்காக ஒருவர் எல்லை கடத்தப்பட்ட ஊர் இது.

சொல்லே ஒரு கதை சொல்லும். மலையாளத்தில் ‘கடலாஸ்’. தமிழில் ‘காகிதம்’, ‘தாள்’. தாள் என்றால் முதலில் பயிரின் தண்டு. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984இல் கரூர் அருகே புகளூரில் உற்பத்தியைத் தொடங்கியபோது, அந்தச் சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பியது எனலாம். கேரளத்தில் 1888இல் தொடங்கிய புனலூர் காகித ஆலை 1987இல் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கிடந்தது. வெள்ளூரின் மத்திய அரசு செய்தித்தாள் காகித ஆலையை மாநில அரசு எடுத்துக்கொண்டு 2022இல் மறுபடி ஓட்டத் தொடங்கியது. நோட்டுப் புத்தகத்துக்கு எல்லோரும் பார்ப்பது சிவகாசியை. பாறசாலையிலிருந்து சுமார் 200 கி.மீ. வாங்குவது தமிழ்நாட்டில், விற்பது கேரளத்தில் என்பதுதான் இங்குள்ள காகித வியாபாரத்தின் முதுகெலும்பு.

விற்பனைக்கும் குறைவில்லை. நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் நீதிமன்றங்கள். அவற்றைச் சுற்றி வக்கீல் அலுவலகங்கள், ஆதாரம் எழுதுபவர்கள். தனுவச்சபுரத்தில் கல்லூரி, காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி; அவற்றின் வாசல்களில் ஜெராக்ஸ் கடைகள். சர்ச்சுகள், டியூட்டோரியல்கள், கூட்டுறவுச் சங்கங்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நடுப்பகலில் தாள் தீர்ந்தால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு ஓட முடியாது. பாறசாலைக்குப் போன் செய்வார். 75 ஜிஎஸ்எம் ஏ4 ரீம் ஒன்று 2 கிலோ 340 கிராம். பத்து ரீம் என்றால் ஆட்டோவில் கால் வைக்கும் இடம். அரை மணியில் போய்ச் சேரும். பணம் சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைதான் பற்றுப் புத்தகத்தில் ஏறுகிறது.

முன்பெல்லாம் எல்லையை நினைவூட்டியது அமரவிளை. அங்கிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் கேரளத்தின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போயின. கோடு அழிந்ததென்று பலரும் நினைத்தார்கள். அழியவில்லை, கணக்குக்குள் குடியேறிவிட்டது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. பாறசாலைக் கடையிலிருந்து உதியன்குளங்கரைக்கு ஆட்டோ போனால் உள்மாநில விற்பனை. அதே ஆட்டோ எதிர்த் திசையில் களியக்காவிளைக்குப் போனால் வெளிமாநில விற்பனை. வரி விதிக்கப்படும் சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பும் வியாபாரி, விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பதிவு செய்தாக வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர் அப்படி அனுப்பவே கூடாது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும்.

பேப்பர் கவர் வியாபாரத்திலும் இதே விளையாட்டு நடந்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. கேரளம் அதைச் செய்தது 2020 ஜனவரி 1இல். ஒரே சாலையில் ஒரு வருடம் இரண்டு சட்டம். கிட்டத்தட்ட அதே சமயத்தில் உணவுப் பொருளைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்ற மத்திய விதியும் நடைமுறைக்கு வந்தது. பழைய பேப்பரில் பை ஒட்டியவர்களின் பிழைப்பு குறுகியது. புதுத் தாளில் செய்த கவருக்குக் கிராக்கி பிறந்தது. இதையெல்லாம் தாக்குப் பிடித்த கடைதான் இப்போது விற்பனைக்கு வருகிறது.

தயாரிப்பில் முதல் வேலை சரக்கைப் பிரிப்பது. காகிதத்தின் எதிரி ஈரம். கேரளத்தில் பள்ளிகள் திறக்கும் ஜூன் 1தான் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாளும். கடை நிரம்பி வழியும் நேரத்தில் வானமும் திறக்கிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. ஈரம் குடித்த தாள் ஓரம் சுருண்டு, ஜெராக்ஸ் மெஷினில் சிக்கும். சுவரோடு ஒட்டி அடுக்கியதைக் கறையான் பார்த்துக்கொள்ளும். எனவே சரக்கை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: மாதத்துக்குள் போவது, வருடத்துக்குள் போவது, போகவே போகாதது. மூன்றாவதை விற்பனைக்கு ஆறு மாதம் முன்பே கழித்துவிடுவது நல்லது. வாங்க வருபவர் முதலில் பார்ப்பது முன்வரிசையை அல்ல, மூலையை.

சரக்கிலும் வரி இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பள்ளி நோட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன்பு 12 சதவீதம். ஏ4 தாளுக்கோ 12 சதவீதம் 18 ஆகிவிட்டது. பழைய வரி கட்டி வாங்கிய நோட்டு இருப்பில் இருந்தால், அதற்கு எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். திருப்பினாரா என்று வாங்குபவரின் ஆடிட்டர் கேட்பார். கேட்காமல் விட்டால் அது வாங்குபவரின் தலையில் விடியும். வியாபாரம் கைமாறும் நாள்வரை பாக்கியுள்ள ஜிஎஸ்டிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது சட்டத்தின் 85ஆம் பிரிவு.

இரண்டாவது வேலை பற்றுப் புத்தகம். அங்கேதான் உண்மையான சிக்கல். “இருக்கட்டும் அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க” என்று சொல்லிப் போனவர்களின் பெயர்கள் அதில் பாதி சுருக்கெழுத்தில் இருக்கும். பள்ளிக்கூட ஸார், மூலைக் கடை, வக்கீல் குமாஸ்தா, பழைய பாலத்து அச்சகம். கடைக்காரருக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம். வாங்க வருபவருக்கு அது வெறும் கிறுக்கல். கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடக் காலவரம்புச் சட்டம் தருவது மூன்று ஆண்டுகள். அதற்குள் பாக்கிக்காரர் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால் மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். ஆகவே ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத் தாளில், இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி என்று கையெழுத்து வாங்குவதுதான் தயாரிப்பின் இதயம். இருபது வருடம் வாய்வார்த்தையில் நம்பிய மனிதரிடம் கையெழுத்துக் கேட்க நாக்கு கூசும். கேட்காவிட்டால் அந்தக் கடனுக்கு வாங்குபவரின் கணக்கில் மதிப்பில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். பில்படி சரக்கு 8 லட்சம் ரூபாய், வரவேண்டிய பாக்கி 3 லட்சம், சிவகாசிக்குக் கொடுக்க வேண்டியது 2 லட்சம். கடைக்காரரின் மனக்கணக்கில் கடை 9 லட்சம். வாங்குபவர் வேறு விதமாகப் போடுவார். ஓடும் சரக்கு 5 லட்சம், முழு விலை. மெதுவாகப் போகும் 2 லட்சத்துக்கு 1 லட்சம். செத்த சரக்கு 1 லட்சத்துக்கு 10 ஆயிரம். பாக்கியில் ஆறு மாதத்துக்குட்பட்ட 1.5 லட்சம் முழுதாக, மூன்று ஆண்டுக்குட்பட்ட 1 லட்சத்துக்கு 50 ஆயிரம், அதற்கும் பழைய 50 ஆயிரம் பூஜ்யம். கூட்டினால் 8.1 லட்சம். கொடுக்க வேண்டியதைக் கழித்தால் 6.1. இருவருக்கும் இடையே 2.9 லட்சம் பள்ளம்.

அந்தப் பள்ளத்தை நிரப்பக்கூடியது குட்வில். கடையில் மாதம் 35 ஆயிரம் நிற்கிறது என்றால் வருடத்துக்கு 4.2 லட்சம். அதே வேலைக்கு ஒரு ஆளை மாதம் 20 ஆயிரத்துக்கு வைத்தால் 2.4 லட்சம். மீதி 1.8 லட்சம்தான் கடையின் உண்மையான லாபம். இரண்டு வருட லாபத்தைக் குட்வில்லாகக் கேட்டால் 3.6 லட்சம். பள்ளம் நிரம்பி மேடும் தட்டுகிறது. ஆனால் இந்த 35 ஆயிரம் ஏட்டில் இருக்க வேண்டும். மூன்று வருட ஜிஎஸ்டி, வருமானவரிக் கணக்குகளில் தெரிய வேண்டும். வரிக்காகக் குறைத்துக் காட்டிய வருமானம், விற்கும் நாளில் விலையையும் குறைத்துவிடும். வாழ்நாளெல்லாம் காகிதம் விற்றவர் தன் கடையைக் காகிதத்தில் காட்ட முடியாமல் நிற்பது இந்த வியாபாரத்தின் பெரிய வேடிக்கை.

மூன்றாவது, உரிமங்கள். கடையை விற்கலாம், ஜிஎஸ்டி எண்ணை விற்க முடியாது. தனியுரிமைக் கடையின் பதிவு உரிமையாளரின் பான் எண்ணோடு பிறந்தது. வாங்குபவர் புதிதாகப் பதிய வேண்டும். விற்றவர் தன் பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு கொடுக்க வேண்டும். நடக்கும் வியாபாரத்தை முழுதாகக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஆறுதல். மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவையும் ஐடிசி-02 படிவத்தில் ஆடிட்டர் சான்றோடு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் வாங்குபவர் களியக்காவிளைக்காரர், அவரிடம் இருப்பது 33இல் தொடங்கும் எண் மட்டும் என்றால் அது நடக்காது. 32இல் ஒரு பதிவு எடுத்தாக வேண்டும். நடந்து போகும் தூரத்துக்கு இரண்டு இலக்கம்.

கட்டடம் வாடகை என்றால் கட்டட உரிமையாளரிடம் முதலில் பேச வேண்டும். கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அமலில் உள்ள இடங்களில், உரிமையாளர் சம்மதமில்லாமல் வாடகை உரிமையைக் கைமாற்றுவது வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம். ஊரறிந்த மூலைக் கடையின் பாதி மதிப்பு அந்த மூலைதான். அது போனால் வாங்கியவரிடம் மிஞ்சுவது தாள்கட்டு மட்டும்.

நான்காவது, போட்டி போடமாட்டேன் என்ற உறுதி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒரே விலக்கு குட்வில்லை விற்பவருக்கு. அவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லை நியாயமானதாக இருக்க வேண்டும். எந்த எல்லை? ‘பாறசாலை பஞ்சாயத்து’ என்று மட்டும் எழுதினால், விற்றவரின் மருமகன் மறுமாதமே களியக்காவிளையில் கடை போட்டு அதே வாடிக்கையாளர்களை அழைக்கலாம். ‘நெய்யாற்றின்கரை தாலுகா’ என்று எழுதினாலும் விளவங்கோடு வெளியே நிற்கும். எல்லைக் கடையின் ஒப்பந்தத்தில், மாநிலக் கோட்டைப் பாராமல், ஆட்டோ போகும் தூரத்தை வைத்து எல்லை வரைய வேண்டும். 1956இல் எல்லை பிரித்தவர்கள் செய்ய முடியாததை இங்கே ஒரு ஆதாரம் எழுதுபவர் இரண்டு வரியில் செய்ய வேண்டியிருக்கிறது.

இத்தனை தொல்லைக்கும் பலன் உண்டா என்று கடைக்காரர்கள் கேட்பது நியாயமே. ஷட்டரை இழுத்துவிட்டால் ஒரு மாதத்தில் வேலை முடியும். ஆனால் அப்படி மூடும் கடையோடு வேறொன்றும் மூடுகிறது. ஜூன் மாதத்தில் சம்பளத்துக்கு முன்பே நோட்டு எடுத்துப் போகும் ஆசிரியர், கல்யாண சீசனுக்கு அட்டை கடன் வாங்கும் சிறு அச்சகம், மெஷினுக்கே தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஜெராக்ஸ் பெண் ஆகியோருக்கு ஆன்லைன் கடை ரீம் தரும், கடன் தராது. வாங்குபவரின் முகத்தைப் பார்த்துச் சனிக்கிழமைவரை பொறுக்கும் முதல் அது. வங்கியில் அதற்குக் கிளை கிடையாது.

ஆகவே விற்பனையின் கடைசிப் படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதல்ல. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் பழையவர் புதியவருடன் கடையில் உட்கார வேண்டும். சனிக்கிழமை தோறும் இருவரும் சேர்ந்து வசூலுக்குப் போக வேண்டும். ஒரு நாள் நெய்யாற்றின்கரைப் பக்கம், ஒரு நாள் குழித்துறைப் பக்கம். யாரிடம் கறாராகப் பேசலாம், யாரிடம் டீ குடித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும், யாரிடம் மலையாளம், யாரிடம் தமிழ் என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் ஏறாதவை. விலையில் ஒரு பகுதியை இந்த மாதங்களின் முடிவில் வாங்கிக்கொள்வதாக எழுதிக்கொண்டால் இருவருக்கும் அக்கறை இருக்கும்.

அந்த மாதங்கள் நன்றாகப் போனதா என்று கண்டுபிடிக்க ஆடிட்டர் தேவையில்லை. ஒரு பகல் நேரத்தில் ஜெராக்ஸ் கடையிலிருந்து தாள் கேட்டு வரும் போன் புதியவரின் எண்ணுக்கு வரும். எதிர்முனையில் யாரோ ‘சேட்டா’ என்றோ ‘அண்ணாச்சி’ என்றோ கூப்பிடுவார். புதியவர் ரீமை ஏற்றி அனுப்பிவிட்டு, மேஜையில் இருக்கும் நோட்டில் எழுதுவார். பற்று என்ற சொல்லுக்குக் கடன் என்றும் பாசம் என்றும் இரண்டு பொருள் உண்டு. கடை உண்மையில் கைமாறுவது அந்த ஒரு வரி எழுதப்படும் நாளில்தான்.